அடிமட்டம்

பதிவேட்டில் கொட்ஃப்ரீட் ஹாபெகர்.
ஊர் வாயில் கோடி.
எங்கள் மொழியில் அது நூறு இலட்சம் என்று
ஒருநாள் சொன்னேன், கோப்பை கழுவிய கை ஈரத்தோடு.
"மாடுகளையும் சேர்த்து எண்ணினால்கூட
இங்கே ஆயிரத்து எண்ணூறுதான்" என்றார்.

ரோட்டன்ஷ்வெண்டி, எமென்டால் மலைமடிப்பில்.
ஒரு தேவாலயம், ஒரு பாற்சாலை,
கரடி என்று பெயர் வைத்த ஒரு சாப்பாட்டுக்கடை.
எண்பத்தொன்பதிலிருந்து
கரடியின் வயிற்றுக்குள் நான்.

அவர் பனியில் தொடங்கியவர்.
எந்தப் பண்ணைப் பாதையை முதலில் வழிப்பது
என்று முடிவெடுக்கும் குழுவில்
தன் பாதையைக் கடைசியாக எழுதிக் கொடுத்தார்.
அந்த ஒரு குளிர்காலத்தை
இருபத்தெட்டு வருடம் வட்டிக்கு விட்டார்.
ஊர்ச்சபை. அதன் தலைமை. பிறகு பேர்ண்,
கன்டோன் மன்றத்தில் நான்கு தவணை.
சுவரொட்டியில் எப்போதும் அதே நீலச் சட்டை,
பின்னால் அதே பசு.
மூன்றாம் தேர்தலுக்கு முன்பே பசு செத்துவிட்டது,
படம் மட்டும் வென்றுகொண்டிருந்தது.

அடிமட்டத்திலிருந்து வந்தவன் என்பார்.
இருப்பது இருந்தபடி இருக்கட்டும் என்பார்.
வரி அளவோடு, வெளியூரான் அளவோடு.
நான் பியர் வைக்க வரும்போது அந்த "அளவோடு"
கொஞ்சம் தணிந்த குரலில் வரும்.
ஆனால் வரும்.

தொண்ணூற்றொன்பதில் எங்கள் பிரஜாவுரிமை
பள்ளி மண்டபத்தில் கைதூக்கலுக்கு வந்தது.
நானும் மனைவியும் வெளியே,
பிள்ளைகள் கோட் மாட்டும் கொளுக்கிகளின் கீழே வாங்கில்.
ஒவ்வொரு கொளுக்கிக்கும் ஒரு விலங்குப் படம்.
நான் வாத்து. அவள் முள்ளெலி.
தோற்றோம்.
மூன்று வருடம் கழித்து அதே வாத்து, அதே முள்ளெலி,
வென்றோம்.
கோடியின் கை எந்த முறை எங்கே இருந்தது என்று
யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
இரண்டு முறையும் மறுநாள் பதினொன்றரைக்கு வந்து
பார்லி சூப் கேட்டார்.

பேர்ணில் அவர் பேசியதெல்லாம் சிக்கனம்.
அடுத்த பள்ளத்தாக்கின் ஆசுப்பத்திரி,
அதற்கடுத்த பள்ளத்தாக்கின் பஸ்.
ஒருநாள் சிக்கனம் நம் பஸ்ஸிலேயே ஏறி
நம் ஊரில் இறங்கியது.
மேல்வகுப்பு இரண்டையும் மூடும் தீர்மானத்துக்கு
அவர் ஆம் சொன்னார்.
பத்திரிகை அதைப் பெயரோடு போட்டது.

அந்தத் தேர்தலில் எண்ணும் மேசைக்கு
என்னை அழைத்துக் கடிதம் வந்தது.
பிரஜை என்றால் போய்த்தான் ஆகவேண்டும்.
இந்த நாட்டில் ஒரு வசதி:
கட்சிக்கு வாக்கைப் போட்டுவிட்டு
பட்டியலில் ஒருவரை மட்டும் வெட்டலாம்.
முந்நூற்றுப் பன்னிரண்டு பட்டியல் அவர் கட்சிக்கு,
எப்போதும் போல.
அதில் நூற்றுத் தொண்ணூற்றேழில்
கோடி மேல் கோடு.

நீல மை, கறுப்பு மை, தச்சன் பென்சில்.
ஒருவர் ஹாபெகரில் பாதி வரை வெட்டி
நிறுத்தியிருந்தார்.
அதை வைத்துப் பத்து நிமிடம் வாதம்.
வெட்டியது வெட்டியதுதான் என்று முடித்துவைத்தவர்
அவருடைய சொந்த மச்சான்.

திங்கட்கிழமை, பதினொன்றரை.
கோடி வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை.
சூப்பைக் கிளறிக்கொண்டே இருந்தார்.
எத்தனை என்று கேட்பார், யார் என்று கேட்பார்,
சொல்லக்கூடாது என்று சொல்ல
வார்த்தை கோத்து வைத்திருந்தேன்.

"அளவுகோல் வைத்தா வெட்டியிருந்தார்கள்," என்றார்,
"இல்லை, வெறுங்கையாலா?"

அளவுகோலை எங்கள் பள்ளியில்
அடிமட்டம் என்போம்.

"பெரும்பாலும் அளவுகோல்."

தலையை ஆட்டினார்.
"அப்போ நம்ம ஆட்கள்தான்,"
என்று சொல்லி ரொட்டியைப் பிய்த்தார்.

மகளின் பென்சில் பெட்டியில்
முப்பது சென்டிமீற்றர் ஒன்று கிடக்கிறது,
பச்சை நிறம், ஒரு முனை உடைந்தது.
நான் உப்புப் போத்தலை
அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.